காத்திருந்ததற்குக் கூலியா?

"பொறுமையாகக் காத்திருங்கள், இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்று இப்போது ஜெபக்கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வட்டிக்கடைக் கணக்கு இது. தாமதமானால் கேட்டவரே மகன் வேலைக்காக எங்கோ கவர் நீட்டிவிட்டு, "கர்த்தர் வழி திறந்தார்" என்று சாட்சி சொல்கிறார். கைதட்டலும் உண்டு. (ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர், "எங்கள் பக்கமும் வேண்டுதலுக்கு ரேட் வந்தாச்சு ஓய்" என்று சிரிக்கிறார்.)

நம் கோட்டைக்குள் 1766-இல் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயரைப் பாருங்கள். 1779-இல் ஹைதர் அலி கொடுத்த வழிச்செலவுப் பணத்தைக்கூட சென்னை கவர்ன்மென்டிடம் ஒப்படைத்தவர். 1787-இல் தஞ்சை மன்னர் துளஜா சாகும் தறுவாயில் சிறுவன் சரபோஜியை அவரிடம் ஒப்படைத்தார். அரியணையோ அமர்சிங்குக்குப் போயிற்று. பதினோரு வருஷம். பையனுக்காகக் கம்பெனியிடம் பேசினார், எழுதினார். அந்த உதவிக்கு ஞானஸ்நானத்தை விலையாக வைக்கவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துதான்.

1798 பிப்ரவரியில் ஐயர் இறந்தார். சரபோஜிக்குப் பட்டம் கட்டியது ஜூனில்.

மரணப்படுக்கையில் கிடக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பிடித்திருக்கும் சலவைக்கல் சிற்பம் தஞ்சை ஆலயத்தில் இருக்கிறது. இரட்டிப்புப் பிரசங்கியார்கள் ஒரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கில் இவருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லட்டும்.