சட்டைப் பையில் ஒரு பீரோ!

உக்கடம் பஸ் நிலையத்தில் பொள்ளாச்சி பஸ்சோ பாலக்காடு பஸ்சோ புறப்படும் நேரத்தைப் பாருங்கள். கூட்டம் முண்டியடிக்கும். ஆண்கள் மணிபர்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்வார்கள். பெண்கள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக் கொள்வார்கள். சட்டைப் பையில் கிடக்கும் பென் டிரைவை யாரும் தொட்டுப் பார்ப்பது இல்லை.

அது சின்னப் பொருள். விரல் அளவுதான் இருக்கும். விலையும் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? மகள் கலியாணப் போட்டோ இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தின் நகல் இருக்கிறது. ஆதார், பான் கார்டு, பாங்கிப் பாஸ் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. பட்டறை நடத்துகிறவர் என்றால் வரவு செலவுக் கணக்கும் அதில்தான்.

இவை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியவை. வீட்டுப் பீரோவுக்குப் பூட்டு உண்டு. சட்டைப் பையில் இருக்கும் இந்தப் பீரோவுக்குப் பெரும்பாலும் பூட்டே கிடையாது.

ஜப்பானில் நடந்தது

ஜப்பானில் அமகாசாகி என்று ஒரு நகரம். ஜனத்தொகை சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம். 2022 ஜூன் 21-ந் தேதி ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர், அந்த ஊர் மக்கள் அத்தனை பேருடைய விவரத்தையும் பென் டிரைவில் எடுத்துக் கொண்டு போனார். பெயர், விலாசம், பிறந்த தேதி, வரி விவரம், உதவித் தொகை பெறுவோரின் பாங்கிக் கணக்கு எண் - எல்லாம் இருந்தன.

வேலை முடிந்தது. உடனே அவற்றை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. பையோடு குடிக்கப் போனார். போதை ஏறித் தெருவிலேயே தூங்கி விட்டார். விழித்துப் பார்த்தால் பையைக் காணோம்!

ஊரே கலங்கியது. நகர அதிகாரிகள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். 24-ந் தேதி பை கிடைத்தது. பென் டிரைவும் உள்ளே இருந்தது. அதற்கு ரகசியப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஊர் தப்பியது அந்தப் பூட்டால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பூட்டின் ரகசியச் சொல்லில் 13 எழுத்துகள் என்று ஓர் அதிகாரி நிருபர்களிடமே உளறி விட்டார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் 2022 என்று போட்டால் சரியாக 13 வருகிறதே என்று ஜனங்கள் எண்ணத் தொடங்கி விட்டார்கள்! பூட்டுப் போட்டால் மட்டும் போதாது. சாவி எப்படி இருக்கும் என்று வெளியில் சொல்லவும் கூடாது.

லண்டனில் பூட்டு இல்லை

2017 அக்டோபரில் லண்டன் ஹீத்ரு விமான நிலைய ஊழியர் ஒருவர் பென் டிரைவைத் தெருவில் தவற விட்டார். வழிப்போக்கர் எடுத்தார். நூலகத்துக்குப் போய்ச் செருகிப் பார்த்தார். திறந்து கொண்டது! ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தன. பூட்டு இல்லை. விஷயம் பத்திரிகைக்குப் போய் விட்டது. மறு வருஷம் நிலையத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன் அபராதம். அங்கே 6,500 ஊழியர்கள். அவர்களில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுக்கு 2 பேர்தான் என்று விசாரணையில் தெரிந்தது.

ஜெராக்ஸ் கடையில்

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். நாம் பென் டிரைவைக் கொண்டு போவது பெரும்பாலும் பிரிண்ட் எடுக்கத்தான். கடைக்காரர் கோப்பைத் தம் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொள்கிறார். பிரிண்ட் வருகிறது. காசு கொடுத்துவிட்டு வந்து விடுகிறோம். கோப்பு அங்கேயே தங்கி விடுகிறது. அடுத்து வருகிறவர் கண்ணிலும் படும்.

"ஏனுங்கண்ணா, அதை அழிச்சுப் போட்டீங்களா?" என்று கேளுங்கள். குப்பைத் தொட்டிப் படத்தையும் காலி செய்யச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நல்ல கடைக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

இன்னொரு அபாயமும் உண்டு. நூறு பேர் பென் டிரைவ் செருகும் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புகள் எல்லாம் வளைந்த அம்புக்குறியோடு நிற்கும். அதை அமுக்கினால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வைரஸ் தொற்றிக் கொள்ளும். பயந்து போய் பென் டிரைவையே மொத்தமாக அழித்து விடுகிறவர்கள் பலர். அவசரப்படாதீர்கள்! அநேகமாக உங்கள் கோப்புகள் உள்ளேயேதான் இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கும். விஷயம் தெரிந்தவரிடம் காட்டினால் மீட்டு விடலாம்.

இதற்கு வழி, இரண்டு பென் டிரைவ் வைத்துக் கொள்வது. ஒன்று கடைக்கு. அன்றைக்கு பிரிண்ட் எடுக்க வேண்டிய கோப்பு மட்டும் அதில் இருக்கட்டும். மற்றது வீட்டுக்கு. அது கடைப்படி ஏறவே கூடாது. அதற்குப் பூட்டுப் போடுங்கள். விண்டோஸ் 'புரோ' உள்ள கம்ப்யூட்டரில் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு கூடவே வருகிறது. அது இல்லாதவர்களுக்கு 'வெராகிரிப்ட்' இருக்கிறது. அது இலவசம். ரகசியச் சொல்லை மட்டும் மறந்து விடக் கூடாது. மறந்தால் திருடனுக்கும் திறக்காது, உங்களுக்கும் திறக்காது!

ஆதாரை இணையத்தில் இறக்கினால், அது பூட்டோடுதான் வருகிறது. ஆனால் சாவி என்ன? பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்து விடலாம். அந்தப் பூட்டை நம்பி ஆதாரைக் கடையில் விட்டு வராதீர்கள்.

பூட்டு திருட்டைத் தடுக்கும். பென் டிரைவ் கெட்டுப் போவதைத் தடுக்காது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்று விடும். கலியாணப் போட்டோவுக்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

பெரிய இடங்கள்

குடும்பங்களுக்கு இவ்வளவு சொல்கிறோம். கல்லூரிகளும், ஆஸ்பத்திரிகளும், சர்க்கார் அலுவலகங்களும் என்ன செய்கின்றன? அவற்றிடம் இருப்பது ஒரு குடும்பத்தின் விவரம் அல்ல, ஊராரின் விவரம். தனி நபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அபராதம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? பூட்டு இல்லாத பென் டிரைவில் ஜனங்களின் விவரத்தை வெளியே கொண்டு போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த வாரமே அனுப்பலாம். ஹீத்ருவில் நூற்றுக்கு 2 பேர். நம் அலுவலகங்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அந்தக் கணக்கையும் வெளியிடட்டும்.