பிலிப்பைன்சு புகட்டும் பாடம்

தோழனே! திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்ட இராமானுசர், ஒரு சொல்லுக்கு ஆசான் உரைத்த பொருளை ஏற்க மறுத்தார் என்பது வைணவ மரபு. சொல்லின் பொருளையே திணிக்க இயலாதெனில், மொழியைத் திணிப்பது எங்ஙனம்?

பிலிப்பைன்சைப் பார்! 1937-இல் அதிபர் கேசோன், தகாலோகு மொழியே நாட்டுமொழிக்கு அடிப்படை என்று அறிவித்தார். அதன் இலக்கணம் எழில் மிக்கது. நாம் வினையை இறுதியில் வைப்போம். அவர்கள் முதலில் வைப்பர். 'காயின்' என்பது உண்ணலைக் குறிக்கும் வேர். உண்டவனை முன்னிறுத்தினால் 'குமாயின்'. உண்ட பொருளை முன்னிறுத்தினால் 'கினாயின்'. வேரின் உள்ளேயே அசை புகுந்து பொருளை மாற்றுகிறது!

மொழியில் குறையில்லை, ஆயினும் செபுவானோ பேசுவோர் மனம் புழுங்கினர். 1959-இல் மொழியின் பெயரை மாற்றினர்; புழுக்கம் மாறவில்லை. 1987 அரசியல் சட்டமோ, நாட்டின் பிற மொழிகளையும் கொண்டே பிலிப்பினோ வளம்பெற வேண்டும் என்றது.

இங்கோ, அரசியல் சட்டத்தில் தேசியமொழி என்று எதுவுமே இல்லை. 343-ஆம் பிரிவு இந்தியை ஒன்றிய ஆட்சிமொழி என்கிறது, அவ்வளவே! 1965-இல் மாணவர் மூட்டிய கிளர்ச்சிக் கனலுக்குப் பின்னரே, 1967 சட்டத்திருத்தம் ஆங்கிலத்துக்குக் காப்பளித்தது. அந்தக் காப்பு கரைய விடலாமா?

இந்தியைப் பகைக்கவில்லை நாம், ஆதிக்கத்தை எதிர்க்கிறோம். படிப்பகந்தோறும் இதனை எடுத்துரை, தோழனே!