ஹாரி பாட்ச்: போரைப் பேசாத முதியவர்



முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் போரிட்டவர்களில் பிரிட்டனில் கடைசிவரை எஞ்சியிருந்தவர் ஹாரி பாட்ச். 1898 ஜூன் 17 அன்று பாத் நகரை அடுத்த கூம் டவுன் கிராமத்தில் பிறந்தார். குழாய்ப் பணி அவர் தொழில். கட்டாய ஆள்சேர்ப்பில் படைக்குச் சென்று, 1917இல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் சேற்றில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் போரிட்டார். எதிரியின் உயிரைப் பறிப்பதில்லை, காலில் சுடுவதோடு நிறுத்திக்கொள்வது என்று அக்குழுவின் ஐவரும் தமக்குள் பேசிவைத்திருந்தனர். போர்க்களத்தில் இப்படியொரு உடன்பாடு, எவ்வளவு பெரிய மனம்! செப்டம்பர் 22 அன்று தலைக்கு மேல் வெடித்த குண்டு மூன்று தோழர்களைக் கொன்றது, பாட்சும் காயமுற்றார். போர் நிறுத்தத்தின் நினைவாக நாடே அனுசரிக்கும் நாள் நவம்பர் 11. அவருக்கு நினைவுநாள் செப்டம்பர் 22தான்.

1919இல் ஏடா என்பவரை மணந்தார். 1976இல் ஏடா இறக்கும்வரை அரைநூற்றாண்டைத் தாண்டிய இல்லறம். இரண்டு மகன்கள், இருவரையும் இழந்த பிறகும் வாழ நேர்ந்தது பெருந்துயரம். இரண்டாம் உலகப்போரில் பாத் நகரின் தீயணைப்புப் பணியில் இருந்தார். நூறு வயதை நெருங்கும்வரை போரைப் பற்றி மனைவியிடம்கூடப் பேசியதில்லை. பேசத் தொடங்கியபின் 2004இல் ஜெர்மானிய முன்னாள் வீரர் ஷார்ல் குயென்ட்ஸைச் சந்தித்துக் கைகுலுக்கினார்.

2009 ஜூலை 25 அன்று, 111ஆம் வயதில், வெல்ஸ் நகரில் காலமானார். அவர் விருப்பப்படி இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும் இடம்பெறவில்லை. பெல்ஜிய, பிரெஞ்சு, ஜெர்மானிய வீரர்கள் சவப்பெட்டியுடன் நடந்தனர்.

— ஒரு வாசகர்