தட்டுகளை எடைக்குப் போடச் சொல்பவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்தோம். என்னுடைய படத் தட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வந்தன. "பெரியப்பா, இதையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமே, இப்ப எல்லாம் போன்லயே வருதே" என்றான் தம்பி மகன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் மேலாக இருந்தது 'ஐ வானா ஹோல்ட் யுவர் ஹேண்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படம். 1978இல் வந்தது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் நியூயார்க்கில் இறங்கி, எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிய நாட்களில் நடக்கும் கதை. நியூஜெர்சியிலிருந்து சில இளசுகள் அவர்களை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். கல்யாணம் நிச்சயமான ஒருத்தி ஓட்டல் அறைக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். பீட்டில்ஸாக நடித்தவர்களின் முகத்தைப் படம் சரியாகக் காட்டுவதே இல்லை. கேமரா ரசிகர்கள் பக்கமே நிற்கிறது. பாட்டுக்காக அழுது கூச்சல் போடும் பெண்பிள்ளைகளைப் பைத்தியம் என்று ஒதுக்காமல், அவர்களின் ஆசைக்கு மரியாதை கொடுத்து நம்மையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம்.

ஆனால் படம் ஓடவில்லை. போட்ட பணமே திரும்பவில்லை. இயக்குநர் ராபர்ட் செமக்கிஸுக்கு இதுதான் முதல் படம். 1980இல் எடுத்த 'யூஸ்ட் கார்ஸ்' படமும் கைகொடுக்கவில்லை. அதே செமக்கிஸும் கூட எழுதிய பாப் கேலும் சேர்ந்து 1985இல் தந்ததுதான் 'பேக் டு தி ஃபியூச்சர்'. அதில் கதாநாயகனின் அண்ணனாக வரும் மார்க் மெக்ளூரும் அக்காவாக வரும் வெண்டி ஜோ ஸ்பெர்பரும் இந்தத் தோற்ற படத்தில் நடித்தவர்கள்தாம். முதல் பரீட்சையில் தோற்ற பிள்ளையை அத்தோடு தலைமுழுகிவிடுகிற வாத்தியார் உருப்படுவாரா? நான் செய்ததில்லை. படங்களுக்கு மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

தியேட்டரில் தோற்ற படத்துக்கு மறுதேர்வு எழுத ஒரே இடம் நம் வீடுதான். இந்தப் படத்துக்கு 2004இல் டிவிடி வந்தது. கிரைட்டீரியன் நிறுவனம் நன்றாகச் சீர்செய்து, இயக்குநரின் மாணவப் பருவக் குறும்படங்களையும் சேர்த்து புளூ-ரே வெளியிட்டது 2019இல். அதாவது 41 ஆண்டுகள் கழித்து. அதற்குள் வெண்டி 2005இலும், உடன் நடித்த தெரசா சல்தானா 2016இலும் காலமாகிவிட்டார்கள். படத்துக்குக் கிடைத்த இந்த மரியாதையைப் பார்க்க இருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

"அதான் போனில் இருக்கிறதே" என்பவர்களுக்கு இரண்டு கேள்விகள்.

ஒன்று: போனில் இருப்பது எந்தப் படம்? பாட்டு உள்ள படத்துக்கு உரிமை ஒரு பெரிய தலைவலி. ஒளிபரப்ப வாங்கிய அனுமதி தட்டில் வெளியிடச் செல்லாமல் போகலாம். அதே 1978இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய, வானொலி நிலையத்தைப் பற்றிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' என்ற நகைச்சுவைத் தொடருக்கு இதுதான் நடந்தது. 2007இல் தட்டு வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு ஏதோ ஒரு இசையை ஒட்டியிருந்தார்கள். 2014இல் இன்னொரு நிறுவனம்தான் பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தது. தட்டிலும் தில்லுமுல்லு நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருமுறை கைக்கு வந்த தட்டை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. போனில் வருவதை மாற்றலாம், வெட்டலாம், எடுத்தே விடலாம். நமக்குச் சொல்லக்கூட மாட்டார்கள்.

இரண்டு: காசு கொடுத்து 'வாங்கினேன்' என்கிறீர்களே, வாங்கியது எது? கலிபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டமே போட்டார்கள். இணையத்தில் படத்தையோ விளையாட்டையோ 'வாங்கு' என்று சொல்லி விற்பவர், அது வெறும் பயன்பாட்டு உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் போட்டுச் சொல்ல வைக்கும் அளவுக்கு ஜனங்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தட்டு விற்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்க புளூ-ரே 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். சிகாகோவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் ஆசையாக வாங்கி வந்து கொடுத்த இந்தத் தட்டை என் பிளேயர் ஏற்கவே இல்லை. எல்லா மண்டலத் தட்டும் ஓடும் பிளேயர் தேடி அலைந்தேன். காசு கொடுத்து வாங்கியவனைத் திருடனைப் போல நடத்தும் ஏற்பாடு அது. அதற்காகத் தட்டையே தூக்கி எறிந்தால் நட்டம் அவர்களுக்கில்லை, நமக்குத்தான்.

ஆகவே பிள்ளைகளே, வீட்டில் அப்பாவோ மாமாவோ சேர்த்து வைத்த தட்டுகளை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். கிலோ கணக்கில் மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நம் வீட்டில் இந்தப் படம் போடுகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், சுண்டல் உண்டு. தம்பி மகனும் அவசியம் வர வேண்டும். பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்