ஒரு செங்கலுக்கு எத்தனை பைட்?

கணிப்பொறிக்குள் வீடு, தெரு, கோயில், காடு என்று ஒரு மெய்நிகர் உலகத்தையே கட்டிப் பார்க்கும் ஆர்வம் இன்று உங்களில் பலருக்கு இருக்கிறது. நல்ல ஆர்வம்தான். ஆனால் அப்படிக் கட்டுவதில் பரவியிருக்கும் ஓர் ஊதாரித்தனத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மெய்நிகர் உலகில் சுவர் என்பது வெறும் தட்டையான பரப்பு. அதன்மேல் செங்கல்லின் படத்தை ஒட்டினால்தான் அது செங்கற்சுவராகத் தெரியும். இப்படி ஒட்டப்படும் படத்திற்கு டெக்ஸ்சர் என்று பெயர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்முல் 1974-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய முறை இது. டெக்ஸ்சர் எவ்வளவு பெரிதோ, உலகம் அவ்வளவு அழகு என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பக்கத்திற்கு 4096 புள்ளிகள் கொண்ட சதுரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 4 பைட் என்றால், அந்த ஒரே படம் நினைவகத்தில் 64 மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அறையில் இப்படி 20 படங்கள் இருந்தால் 1280 மெகாபைட்! அதே படங்களைப் பக்கத்திற்கு 512 புள்ளிகளாகச் சுருக்கினால் 20 மெகாபைட் போதும். பக்கம் 8 மடங்கு குறைந்தால் பரப்பு 64 மடங்கு குறைகிறது அல்லவா?

“என் படக்கோப்பு 3 மெகாபைட்தானே!” என்று சிலர் கேட்கலாம். அது வட்டில் சுருட்டி வைத்த பாயின் அளவு. திரையில் காட்டுவதற்கு அந்தப் பாயை விரித்தாக வேண்டும். விரித்த பாய்க்குத்தான் இடம் தேவை. வரைகலைச் செயலிகளுக்கென்றே உள்ள சில சுருக்க முறைகளில் புள்ளிக்கு 1 பைட் போதும் என்பது உண்மை. அப்போதும் தேவையற்ற புள்ளி தேவையற்றதே.

ஏன் தேவையற்றது? அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் உள்ள திரையில் இருப்பவை மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்தாம். நம் செங்கற்படமோ அதைப்போல் 8 மடங்கு! திரை முழுவதும் அந்த ஒரு சுவரே நிறைந்தாலும், எட்டில் ஏழு பங்குப் புள்ளிகளைத் தனித்தனியே காட்ட வழியில்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. பெரிய படம் சில வேளைகளில் அழகைக் கெடுக்கவும் செய்யும். நெருக்கமான கட்டம் போட்ட சட்டை தொலைக்காட்சியில் நெளிவதுபோலத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைவில் உள்ள சுவர் திரையில் 100 புள்ளி அகலமே இருக்கும்போது, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தின் 40 புள்ளி வரிசைகள் போட்டியிடுகின்றன. கணிப்பொறி அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறது. நீங்கள் ஓரடி நகர்ந்தால் வேறொன்றை எடுக்கிறது. அதனால் சுவர் மினுமினுக்கிறது.

இதற்கு லான்ஸ் வில்லியம்ஸ் 1983-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். ஒரே படத்தைப் பாதியாக, அதில் பாதியாக என்று சிறிதாக்கி அடுக்கி வைத்து, தொலைவுக்கு ஏற்றதை எடுப்பதே அது. மிப்மேப் என்பது அதன் பெயர். கால், அதில் கால் என்று கூட்டிக்கொண்டே போனால், அத்தனை சிறு படங்களுக்கும் சேர்த்துக் கூடுதல் இடம் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடர் இங்கே பயன்படுவதைக் கவனியுங்கள்!

“நினைவகம்தான் ஆண்டுக்காண்டு பெருகுகிறதே, ஏன் சிக்கனம்?” என்பார்கள். கட்டுகிறவரிடம் புதிய கணிப்பொறி இருக்கலாம். பார்க்க வருகிறவரிடம் இருக்க வேண்டுமே! 2003-இல் திறக்கப்பட்ட செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில், மக்களே வீடுகளைக் கட்டுகிறார்கள். அங்கே ஒருவர் ஒட்டிய படத்தை, அருகில் வருகிற ஒவ்வொருவரின் கணிப்பொறியும் இணையம் வழியே பெற்றாக வேண்டும். ஊதாரித்தனம் கட்டியவருடையது, செலவு வந்தவருடையது. அக்காவிடமிருந்து வந்த பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் மாணவியின் திரை உறைந்து நின்றுவிடும். உங்கள் உலகத்தின் வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள் என்றுதானே பொருள்?

சிக்கனம் என்பது வறுமை அன்று. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு! கடுகு சிறுத்தாலும் காரம் குறையவில்லை.

எல்லாப் படத்தையும் சிறிதாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கிட்ட நின்று படிக்கும் பெயர்ப்பலகைக்கும், உற்றுப் பார்க்கும் முகத்திற்கும் பெரிய படம் வேண்டும். கூரைக்கும் தொலைதூர மலைக்கும் வேண்டாம். செங்கல், புல், ஓடு போன்றவற்றுக்குச் சிறு படத்தையே திரும்பத் திரும்ப ஒட்டலாம்.

பள்ளிகளில் இத்தகைய போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களின் படைப்புகளை, பள்ளியிலுள்ள மிகப் பழைய கணிப்பொறியில் ஓடவிட்டு மதிப்பெண் இடுங்கள். மாணவர்கள் தாமாகவே பைட்டை எண்ணத் தொடங்குவார்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு படத்தின் பக்கத்தைப் பாதியாக்கி, பார்வையாளர் நிற்கும் தொலைவிலிருந்து பாருங்கள். வேறுபாடு தெரியவில்லையா? மீண்டும் பாதியாக்குங்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரிகிற கட்டம் வந்ததும் ஒரு படி மேலேறி நின்றுகொள்ளுங்கள். அதுவே அந்தச் சுவருக்குச் சரியான அளவு.