கண்ணாடி கேட்ட டிவி

பெரிய விலை கொடுத்து ஏமாந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. கேட்டால் "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். 2010-க்குப் பிறகு ஆசை ஆசையாய் 3டி டிவி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக இதே பதில்தான்.

2009 டிசம்பரில் அவதார் வெளிவந்தது. தியேட்டரில் கறுப்புக் கண்ணாடியோடு வாய் பிளந்த கூட்டத்தைப் பார்த்து டிவி கம்பெனிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அடுத்த மாதமே லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சாம்சங், சோனி, எல்ஜி, பானசோனிக் எல்லோரும் 3டி டிவியோடு வரிசையில் நின்றார்கள்.

முதலில் வந்தவற்றில் பெரும்பாலானவை ஷட்டர் கண்ணாடி வகை. டிவி இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்குமான படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். கண்ணாடி அதே வேகத்தில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறக்கும். அதற்கு பேட்டரி வேண்டும், வெளிச்சமும் குறையும். கூடுதல் கண்ணாடி ஒன்று அமெரிக்காவில் அப்போது சுமார் 150 டாலர்! வீட்டில் ஐந்து பேர் இருந்து கண்ணாடி இரண்டு இருந்தால் மற்ற மூவருக்கும் கலங்கல் படம்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் கண்ணாடியோடு வந்தாலும், அது வேறு கம்பெனி என்றால் ஆரம்பத்தில் வேலை செய்யாது. ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவர் பாடு இன்னும் மோசம். (பிறகு வந்த போலராய்டு வகையில் கண்ணாடி மலிவு. ஆனால் படத்தின் வரிகளில் பாதி ஒரு கண்ணுக்கு, பாதி மறு கண்ணுக்கு.)

தியேட்டர் வேறு, வீடு வேறு. வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சீரியல் பார்க்கிறார்கள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கிரிக்கெட் பார்க்கிறார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வெங்காயம் உரிக்க முடியுமா?

வாங்கியவர்களை ஏமாளிகள் என்று சிரிப்பது சுலபம். அது நியாயமில்லை. கடையின் இருட்டு மூலையில், பொறுக்கியெடுத்த இரண்டு நிமிடக் காட்சியில், மீன் நிஜமாகவே முகத்துக்கு நேரே நீந்தியது. டிவி சொன்னதைச் செய்தது. பார்க்கத்தான் எதுவும் இல்லை. மிக்ஸி வாங்கினால் சட்னிக்குத் தேங்காய் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே மிக்ஸியை விற்றுவிட்டு, தேங்காய் இனிமேல் காய்க்கும் என்றார்கள். தேங்காய் தங்கள் கையில் இல்லை என்பது விற்றவர்களுக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. கோபப்பட வேண்டியது அந்த இடத்தில்தான்.

இதில் பெரிய வேடிக்கை அவதார்தான். ஆசையைக் கிளப்பிய அந்தப் படத்தின் 3டி ப்ளூ-ரே, 2010 கடைசியில் பானசோனிக் 3டி சாதனம் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று வந்தது. மற்ற கம்பெனி டிவிக்குப் பணம் கொட்டியவர்கள் அதைக் கடையில் சாதாரணமாக வாங்க 2012 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். 2010 உலகக் கோப்பை கால்பந்தோடு தொடங்கிய ஈஎஸ்பிஎன் 3டி சேனல் 2013-இல் மூடப்பட்டது. பிபிசியும் அதே வருடம் 3டி நிகழ்ச்சிகளை நிறுத்தியது. 2016-இல் சாம்சங் புது மாடல்களில் 3டியைக் கைவிட்டது. 2017-இல் எல்ஜியும் சோனியும் விலகின.

டிவிகள் கெட்டுப்போகவில்லை என்பதுதான் பரிதாபம். இன்றும் சில வீடுகளில் அவை சாதாரண டிவியாகச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கின்றன. ரிமோட்டில் மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருக்கும், 3டி பொத்தான் மட்டும் புத்தம்புதுசாக இருக்கும்.