ஜன்னியும் யந்திரக் கணிப்பும்

தீவிர சிகிச்சையிலுள்ள நோயாளிக்கு ஜன்னி, அதாவது திடீர்ச் சித்தக் கலக்கம், உண்டாகுமா என்று முன்கூட்டியே கணிக்க இன்று யந்திரங்களைப் பழக்குகிறார்கள். 2012-ல் நெதர்லாந்து வைத்தியர்கள் வயது, தொற்று, இரத்த யூரியா, மயக்க மருந்து முதலிய பத்து விஷயங்களைக் கொண்டு இதற்கொரு கணக்கு வகுத்தனர். இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆனால், யந்திரத்திற்குக் குரு படுக்கையருகே எழுதப்படும் குறிப்பே.

கல் நீரில் மிதக்குமா என்பது போன்ற கேள்விகளால் சித்தத் தெளிவைச் சோதிப்பது வழக்கம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளரிடம் அதைத் தமிழில் கேட்டால் என்னாகும்? தெளிந்தவரும் ஜன்னி கண்டவராவர்; ஜன்னியால் மௌனமாய்க் கிடப்பவரோ பாஷை தெரியாதவரென்று விடப்படுவர். அப்பிழைகளையே யந்திரமும் கற்கும்.

திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு தொழிலாளரை அவரவர் தாய்மொழியில் சோதிக்கச் சர்க்கார் முதலில் ஏற்பாடு செய்யட்டும். யந்திரம் பின்னர் வரட்டும்.